மூன்று ஓட்டை சாட்சி ஆகாது



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விஷயமும் கொஞ்சம் புதுசு: வேட்டைத் துப்பாக்கிக்குக் கையால் தோட்டா தயாரிப்பது. "ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாருக்கு இது எதுக்கு?" என்று சிரிக்காதீர்கள். கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கப் போகிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் மான் வேட்டைக்குப் போகிறவன். அங்கே நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். அதற்காகத் தானே தோட்டா தயாரிக்கிறான். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் குற்றம். ஆகவே இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். அங்கே அது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. அவன் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு உருவான கருத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தோட்டா என்றால் என்ன? பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. நான்கே பொருள். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் வைத்து, பவுடரை நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி உட்கார வைக்கிறார்கள். பவுடரை நிறுக்கும் அலகு கிரெயின். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், நம் தட்டார் கடைக் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. இவர்கள் அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எந்த அளவு பவுடருக்குத் தன் துப்பாக்கி ஒரே இடத்தில் சுடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான். பத்து விதமான அளவில் மூன்று மூன்று தோட்டா செய்கிறார்கள். 100 கஜ தூரத்தில் தாளை வைத்துச் சுடுகிறார்கள். எந்த மூன்று ஓட்டை மிக நெருக்கமாக விழுந்ததோ, அந்த அளவுதான் 'சரியான லோடு' என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தத் தாளைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுகிறார்கள்.

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று ஓட்டையை வைத்து ஒரு தோட்டாவை நல்லது என்று சொல்லக் கூடாது. அதிலும் பத்துத் தாளில் சிறந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சொல்லவே கூடாது.

எட்டாம் வகுப்பில் நாம் காசு சுண்டியது ஞாபகம் இருக்கிறதா? நாற்பது பேர், ஆளுக்கு மூன்று முறை. ஏறக்குறைய ஐந்து பேருக்கு மூன்றும் தலையாகவே விழும். அந்த ஐந்து பேரும் "சார், என் காசு ராசியான காசு" என்று குதிப்பீர்கள். அதே காசை இன்னும் இருபது முறை சுண்டச் சொன்னால் ராசி கரைந்துவிடும்.

துப்பாக்கியிலும் இதே கதைதான். முப்பது தோட்டாவையும் ஒரே அளவில் செய்து, பத்துத் தாளில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். மிக நெருக்கமான தாளுக்கும் மிகப் பரவிய தாளுக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். தோட்டாவில் ஒரு மாற்றமும் இல்லை, எல்லாம் தற்செயல். ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு பவுடர் அளவை எழுதி வைத்திருந்தால், அந்தத் தற்செயலுக்கே ஒரு காரணம் கண்டுபிடித்திருப்போம்!

இன்னொரு கணக்கு. மூன்று குண்டு சுட்டால் வெளி ஓட்டைகளுக்கு நடுவே சராசரியாக ஓர் அங்குலம் வருகிற துப்பாக்கி, பத்துக் குண்டு சுட்டால் சராசரியாக 1.6 அங்குலம் காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. குறைவாகச் சுட்டபோது அதன் முழு முகம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு குண்டு மட்டும் விலகிப் போச்சு சார், அது என் கை ஆடினது, கணக்கில் சேர்க்கலை" என்கிறவர்களும் உண்டு. இது எனக்கு நன்றாகப் பழகிய வித்தை. சுமாராகப் படிக்கிற பிள்ளைகளைப் பொதுத்தேர்வில் தனித்தேர்வராக எழுத அனுப்பிவிட்டு, வாசலில் '100 சதவீதம் தேர்ச்சி' என்று ஃபிளெக்ஸ் கட்டும் பள்ளிகளை நாம் பார்த்ததில்லையா? விலகிப் போன குண்டும் உன் துப்பாக்கியிலிருந்துதான் போனது. காட்டில் அந்தக் கைதானே சுடப் போகிறது?

இதில் பந்தயம் வைக்கப்படுவது ஒரு உயிர். மானின் நெஞ்சுப் பகுதியில் குண்டு பட வேண்டிய இடம் சுமார் எட்டு அங்குல வட்டம். அதில் பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். தள்ளி வயிற்றிலோ காலிலோ பட்டால், அது ஓடிப் புதரில் விழுந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். கிடைக்காமலே போகலாம். 'அரை அங்குலம் சுடும் துப்பாக்கி' என்று தன்னைத் தானே நம்ப வைத்துக்கொண்டவன்தான் 400 கஜத்தில் நிற்கும் மானையும் பார்த்துத் துணிவான். தாளில் சொன்ன பொய்யின் விலையை அந்த மான் கொடுக்கும்.

"வேட்டையில் நான் சுடப்போவதே ஒரு குண்டு, அதுவும் குளிர்ந்த குழலில். எதற்கு இருபது?" என்று என் மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. பவுடர், பிரைமர் விலையும் குறைவில்லை, குழலும் தேயும். நான் சொன்ன யோசனை இது: ஒரே தாளை வைத்துக்கொள். சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் குண்டை மட்டும் அந்தத் தாளில் சுடு. பத்து நாள் போனால் பத்து முதல் குண்டுகள். அந்தப் பத்தும் சேர்ந்து காட்டுகிற வட்டம்தான் உன் உண்மையான திறமை. செலவும் கூடாது, உண்மையும் தெரியும்.

அளக்கும்போதும் வெளி ஓரத்து இரண்டு ஓட்டைகளை மட்டும் அளக்காதே. அப்படி அளந்தால் மற்ற எட்டுக் குண்டும் வீண். பத்துக்கும் நடுப்புள்ளி கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சராசரி எடு. ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

பொறுமைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஃபிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் பல்லாண்டுகள் குண்டின் போக்கையே ஆராய்ந்தார். கை நடுக்கம் கலக்கக் கூடாது என்று கான்கிரீட் மேடை கட்டி, அதில் குழலைப் பொருத்திச் சுட்டார். 1909இல்தான் புத்தகமாக வெளியிட்டார். நமக்கோ ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலேயே முடிவு தெரிய வேண்டும்!

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நெருக்கத்தைத் தேடுகிறேன், வேகத்தைத் தேடுகிறேன் என்று கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. 1906இல் வந்த 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' தோட்டாவுக்கு அங்கே வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம் கார் டயரில் அடிக்கும் காற்று 30 சொச்சம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் மடங்கு, அதுவும் சுடுகிறவன் கன்னத்துக்குப் பக்கத்தில். கையேட்டை எழுதியவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். நாம் ஊகத்தில் தாண்டுவது வீரம் இல்லை.

ஆகவே என் கருத்து: கையேட்டுக்குள் அடங்கிய ஒரு லோடை எடுத்துக்கொண்டு, அதிலேயே இருபது முப்பது சுட்டு, வருவதை அப்படியே ஒப்புக்கொள்வது மேல். 100 கஜத்தில் பத்துக் குண்டுக்கு இரண்டு அங்குலம் என்றாலும், 200 கஜத்தில் நான்கு அங்குலம்தான். எட்டு அங்குல வட்டத்துக்கு அது தாராளம். மிச்ச நேரத்தை மேஜையில் சாய்ந்து சுடாமல், மண்டியிட்டும் உட்கார்ந்தும் சுட்டுப் பழகச் செலவிடலாம். காட்டில் மேஜை கிடையாது.

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத மற்ற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மூன்று நாள் சுகர் டெஸ்ட் சரியாக வந்தது என்று மாத்திரையை நிறுத்துகிற சித்தப்பா, மூன்று மாதம் ஷேர் ஏறியது என்று வீட்டு நகையை அடகு வைக்கிற தம்பி, இரண்டு மாதத் தேர்வு மார்க்கைப் பார்த்து "இவனுக்குக் கணக்கே வராது" என்று முத்திரை குத்துகிற அப்பா, எல்லாருக்கும் சேர்த்துத்தான். இன்னும் கொஞ்சம் சுண்டிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் மூன்று உதாரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்