காடைகளின் குடிநீரில் அமிலம் சேர்த்தல்

காடை வளர்ப்போரில் அநேகர் இப்பொழுது பக்ஷிகளின் குடிநீரில் அமிலச் சரக்குகளைக் கலந்து கொடுக்கத் தலைப்பட்டிருக்கின்றனர். இவ்வழக்கம் தவறானதன்று. ஆயினும் கிணற்று நீரின் குணத்தை அறியாமலும், தண்ணீர்த் தட்டுகளைத் தேய்த்துக் கழுவாமலும் அமிலத்தை மாத்திரம் விலைக்கு வாங்கி ஊற்றுவது வீண் செலவேயாகும்.

1974-ம் வருஷத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை, ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. அன்று பொரித்த குஞ்சின் எடை 7, 8 கிராம்தான். கழிச்சல் கண்டபின் அதை மீட்க அவகாசம் மிகச் சொற்பம். இவ்வச்சத்தினாலேயே, வியாதி தோன்றுமுன்னரே ஆண்டிபயாடிக் மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் பரவிற்று. அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகி மனிதருக்கும் கேடு விளைக்கவே, ஐரோப்பிய யூனியன் வளர்ச்சிக்காக அவற்றைத் தீனியில் சேர்ப்பதை 2006-ல் அடியோடு நிறுத்தியது. இந்தியாவிலும் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் மருந்து விற்பது 2019-ல் தடுக்கப்பட்டது. அமிலங்களுக்கு மதிப்பு உயர்ந்தது இதனால்தான்.

எறும்பின் விஷத்திலுள்ள பார்மிக் அமிலம், காடியிலுள்ள அசிடிக் அமிலம், இவற்றோடு புரோபியானிக் அமிலம் முதலியன கிருமியின் தோலை ஊடுருவி, உள்ளே பிரிந்து, அதன் உட்புறத்தைப் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பை வெளியேற்றுவதிலேயே சக்தியைச் செலவிடும் கிருமி பெருகமாட்டாமல் அயர்கிறது. ஆனால் பிரியாத நிலையிலுள்ள அமிலமே இவ்வாறு உட்புக வல்லது. தண்ணீர் போதிய புளிப்போடிருந்தால்தான் அந்நிலை நிற்கும்.

இங்கேதான் கிணறு குறுக்கிடுகிறது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்மையாய்ப் படியுமாயின் அந்நீரில் பைகார்பனேட் உப்புகள் மிகுதியென்று ஊகிக்கலாம். அத்தகைய நீரில் ஊற்றிய அமிலத்தில் பெரும்பகுதி அவ்வுப்புகளோடு சேர்ந்து தீர்ந்துபோகும். ஒரு தோட்டத்தில் போதுமான அளவு அடுத்த தோட்டத்தில் போதாது. டப்பாவின்மேல் அச்சிட்ட அளவு எல்லாக் கிணறுகளுக்கும் பொருந்துமென நம்புவதற்கில்லை. வியாபாரிகள் இதைச் சொல்வதும் அரிது. மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்து, கார அமில நிலையையும் பைகார்பனேட் அளவையும் குறித்துக் கொடுக்கிறார்கள். கிராம உத்தியோகஸ்தர்கள் காடை வளர்ப்போரின் நீர் மாதிரிகளை அங்கே அனுப்பிவைத்தால் பெரும் உபகாரமாகும். அதன்பின் பி.எச். காகிதத்தால் சோதித்துச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். 4-க்குக் கீழே இறங்கினால் காடைகள் குடிப்பதைக் குறைக்கக்கூடும். குடிப்பது குறைந்தால் தீனியும் குறையும்.

அமிலத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. காடைகளைப் பெரிதும் வாட்டும் குடற்புண் நோயின் கிருமி எச்சத்தோடு வெளிப்பட்டு, அதன் வித்துக்கள் கூளத்திலும் மண்ணிலும் நெடுநாள் கிடக்கும். குடிநீரிலுள்ள அமிலம் அவற்றைத் தீண்டாது. கூளத்தை மாற்றுவதும், கம்பி வலைத் தளமிட்டு எச்சம் கீழே விழச் செய்வதுமே அதற்கு வழி. குழாய்களில் வழுவழுப்பான அழுக்கு படிந்திருக்குமாயின் கிருமிகள் அதனுள் ஒளிந்துகொள்ளும். சொற்ப அமிலம் அங்கே பூஞ்சைக்கு இரையாவதுமுண்டு.

துத்தநாகம் பூசிய தகரத் தட்டுகளை அமில நீர் அரித்துவிடுமாதலால் பிளாஸ்டிக் தட்டுகளே தகுதி. தண்ணீரில் உயிருள்ள தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் அமிலம் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு அமிலத்தை ஒரே பாத்திரத்தில் கலந்தால் மூச்சையடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். ஆகையால் இரண்டையும் வெவ்வேறிடங்களில் வைத்தல் வேண்டும்.