வெள்ளெழுத்தும் முதியோர் வகுப்பும்

முதியோர் வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு, சில வாரங்கள் வந்து, பின்னர் வராமற் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவர்களுக்குச் சிரத்தை இல்லை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பதே நமது அபிப்பிராயம்.

விடியுமுன் எழுந்து, நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய், அந்தியில் திரும்பி உலை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிற்பாடு, சிலேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிற ஒரு ஸ்திரீயின் சிரத்தையைச் சந்தேகிக்க எவருக்கும் யோக்கியதை கிடையாது. அறுப்புக் காலத்தில் பத்து நாள் அவள் வராதிருந்தால் வகுப்பு நாலைந்து பாடங்களைக் கடந்துவிடுகிறது; பாடம் சொல்லும் பேத்தி வயதுள்ள தொண்டரின் முன்னே பழைய பாடத்துக்குத் திரும்ப அவள் கூசுகிறாள். இன்னொரு காரணத்தைச் சொல்வோர் அரியர்; அது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர்க்குக் கிட்டத்து எழுத்துக் கலங்குவது இயற்கை. புத்தகத்தைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தும், விளக்கண்டை சாய்த்தும், மூன்று சுழியா இரண்டு சுழியா என்று தெரியாமல் தவித்து, தனக்குப் புத்தி மட்டு என்று தானே முடிவுகட்டிக்கொண்டு நின்றுபோகிறவளுக்கு, சொற்ப விலையுள்ள ஒரு மூக்குக்கண்ணாடி போதுமாயிருந்திருக்கும். 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட யாவரையும் அழைக்கிறது. அப்படி அழைத்த பிறகு, பாடப் புத்தகத்தோடு கண்ணாடியும் கொடுப்பது சர்க்காரின் கடமை.

நின்றவர்கள் திரும்பி வருவார்களா? திடமாக வருவார்கள். பஸ் பலகையைப் படிக்கப் பிறரைக் கேட்பதும், பாங்கிப் படிவத்தை அந்நியரிடம் நீட்டிக் கைநாட்டு வைப்பதும் எவ்வளவு தாழ்வு என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை ஜில்லாவில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் குவாரியில் உழைத்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் எழுத்தும் சைக்கிளும் சேர்த்தே பயின்றார்கள். படிப்பு தங்கள் நடமாட்டத்துக்கும் கூலிக் கணக்குக்கும் உதவியதைக் கண்ணாரக் கண்டதனால் வந்தார்கள்.

ஆனால் அந்த உற்சாகம் நிலைத்த ஸ்தாபனமாகவில்லை. 1978-இல் ஒரு திட்டம், 1988-இல் மற்றொன்று, 2009-இல் ‘சாக்ஷர் பாரத்’ என்று பெயர்கள் மாறினவேயன்றி, ஒரு கிராமத்தில் என்றைக்கும் திறந்திருக்கும் முதியோர் வகுப்பு உண்டாகவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் துணிந்து ஒருத்தி திரும்பி வந்தால், அங்கே வகுப்பே இருப்பதில்லை. இன்றும் கற்பிப்பவர் ஊதியமில்லாத தொண்டராகவே இருக்கிறார். அவருக்கு உத்தியோகமோ கல்யாணமோ அமைந்தால் வகுப்பு அன்றோடு கலைகிறது.

இப்போதைய திட்டம் 2027-இல் முடிவதற்குள், தமிழ்நாட்டு அரசாங்கம் ஊராட்சிதோறும் உள்ள நூலகத்தில் சம்பளம் பெறும் முதியோர் ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும். எந்த மாதத்தில் வந்தாலும் விட்ட பாடத்திலிருந்து சேர்த்துக்கொள்வதும், ஒரு வாரம் வராதவரின் வீட்டுக்குச் சென்று விசாரிப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும்.