எண்பிக்கும் சுமை எவர் தலையில்?

நீதிமன்றத்தில் எதிரிக்காகத் தோன்றும் ஒவ்வொரு சட்டத்தரணியும் முதலில் பற்றிக்கொள்ளும் ஊன்றுகோல் ஒன்று உண்டு. குற்றம் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி எண்பிக்கப்படும் வரை எதிரி நிரபராதியே என்பது அது. அந்த ஊன்றுகோலைப் பிடித்தே நாமும் இத்தொழிலில் நடந்து வருகின்றோம். மனிதனின் உயிரும் உரிமையும் மானமும் அரசின் கைப்பிடியில் நசுங்கிப் போகாமல் காப்பதற்காக, நூற்றாண்டுகள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. அந்தப் பாதுகாப்பை மனிதனிடமிருந்து எடுத்து, தொழிற்சாலைப் பீப்பாவுக்குள் கிடக்கும் ஒரு திரவத்துக்கு வழங்கிவிட்டால் விளைவு யாது? அமெரிக்க நாட்டில் இரண்டு ஊர்களில் விளைந்ததை இவ்விடத்தில் எடுத்துரைக்க விரும்புகின்றோம். எமது வாசகர்களில் கமக்காரரும் கற்றோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய விடயம் இது. ஏனெனில் இதனைத் தொடக்கி வைத்தவர் ஒரு விவசாயி, நடத்திச் சென்றவர் ஒரு சட்டத்தரணி.

மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள பார்க்கர்ஸ்பேர்க் என்ற ஊரின் அயலில் மாடு வளர்த்து வாழ்ந்தவர் அந்த விவசாயி. அவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஓடிய சிற்றாற்றில் நுரை பொங்கி வந்தது. அந்த நீரைக் குடித்த பசுக்கள் மெலிந்தன, வாயில் நுரை தள்ளின, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நூற்றுக்கு மேற்பட்டவை மாண்டன. சிற்றாற்றின் மேற்புறத்தில் டியூபொன்ட் கம்பனியின் கழிவுக் கிடங்கு இருந்தது. அந்தக் காணியும் அவருடைய குடும்பத்தார் விற்ற காணியே. 1998ஆம் ஆண்டு அவர் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் இருந்த ராபர்ட் பிலாட் என்ற சட்டத்தரணியைத் தேடிப் பிடித்தார். பிலாட் அதுவரை இரசாயனக் கம்பனிகளுக்காகவே வாதாடி வந்தவர். மேசையின் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து மறு பக்கத்தில் போய் அமர்வது எத்துணைக் கடினம் என்பதை எமது தொழிற் சகோதரர்கள் நன்கறிவர்.

1999இல் வழக்குத் தாக்கலாயிற்று. நீதிமன்றத்தின் துணையோடு கம்பனியின் கடதாசிகள் மூட்டை மூட்டையாக வெளிவந்தன. அவற்றினூடாகவே உலகம் ஓர் இரசாயனத்தின் வரலாற்றை அறிந்தது. கம்பனிக்குள் அதற்குச் 'சீ எயிட்' என்று செல்லப் பெயர்; விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் பி.எப்.ஓ.ஏ. இன்று எங்கள் அடுப்படிகளிலும் புழங்கும் ஒட்டாத தாச்சிகளுக்குப் பூசப்படும் டெஃப்லோனைச் செய்வதற்கு, 1951ஆம் ஆண்டு முதல் அதனை டியூபொன்ட் பயன்படுத்தி வந்தது. (தாச்சியைத் தூக்கி எறியுமாறு நாம் கூறவில்லை. கேடு பெரிதும் விளைந்தது தாச்சியிலன்று, அது பிறந்த தொழிற்சாலையின் வாசலில்.) அந்த இரசாயனம் விலங்குகளின் ஈரலை வீங்கச் செய்வதைக் கம்பனியின் சொந்த ஆய்வாளர் 1961இலேயே கண்டிருந்தனர். எலிக் குட்டிகளின் கண்ணில் ஊனம் காணப்பட்டதாக 1981இல் செய்தி வந்ததும், அந்தப் பிரிவில் வேலை செய்த பெண்கள் அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் பிறந்த 7 குழந்தைகளைப் பார்த்ததில் இருவருக்குக் கண்ணிலும் முகத்திலும் குறைபாடு இருந்தது. 1984இல் ஊராரின் குழாய் நீரிலும் அந்தப் பொருள் இருப்பதைக் கம்பனி அளந்தறிந்தது. குடித்தவர்களுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நாட்டில் சட்டம் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். சட்டம் இருந்தது. 1976இல் நச்சுப் பொருட் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஆயினும் அன்று வழக்கத்தில் இருந்த ஏறத்தாழ 62,000 இரசாயனங்களை அந்தச் சட்டம் எவ்வித விசாரணையுமின்றி உள்ளே விட்டுவிட்டது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இதுவும் உள்ளே போயிற்று. புதிதாக வரும் பொருளுக்கோ 90 நாள் தவணை. அதற்குள் அரசு தடை சொல்லாவிடின் உற்பத்தியைத் தொடங்கலாம். முன்கூட்டியே சோதனை செய்து சான்று தர வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. மௌனம் சம்மதம் என்பார்களே, அதனைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 2016இல் செய்த திருத்தத்தின் பின்னரே, புதிய பொருளைப் பற்றி அரசு தன் முடிவை வாய்திறந்து சொல்லியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

பசுக்களின் வழக்கு முடிந்த பின் ஊராரின் வழக்குத் தொடங்கிற்று. 2004இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி மூன்று விஞ்ஞானிகள் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 69,000 மக்கள் தம் இரத்தத்தைக் கொடுத்தனர். சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரொயிட் நோய், குடற் புண் நோய், இரத்தத்தில் மிகை கொலஸ்ரரோல், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகிய ஆறுக்கும் இந்த இரசாயனத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012இல் அக்குழு தன் பணியை முடித்தது. அறிந்ததை அறிவிக்காத குற்றச்சாட்டை 2005இல் 1 கோடியே 65 இலட்சம் டொலரோடு கம்பனி தீர்த்துக்கொண்டது. நோயுற்ற ஏறத்தாழ 3,500 பேரின் வழக்குகள் 2017இல் 67 கோடி டொலருக்கு இணக்கமாயின. நட்டஈட்டை நாம் இகழவில்லை. ஆனால் 1951க்கும் 2012க்கும் இடையில் 61 ஆண்டுகள் உள்ளன. அத்தனை ஆண்டுகளும் அந்தத் திரவம் நிரபராதியாக நடமாடியது. அதன் குற்றத்தை எண்பிக்கச் சான்றுப்பொருளாக மக்கள் தம் இரத்தத்தையே கொண்டுவர நேர்ந்தது.

இவை பழைய காலத்துப் பிழைகள், இன்று அறிவு வளர்ந்துவிட்டது என்று கூறுவோர் உளர். அவர்களுக்காகவே இரண்டாவது ஊரைக் கூறுகின்றோம்.

பி.எப்.ஓ.ஏயைப் படிப்படியாகக் கைவிட 2006இல் பெருங் கம்பனிகள் எட்டு ஒப்புக்கொண்டன. அதன் இடத்துக்கு வந்தது ஜென்எக்ஸ். உடலிலிருந்து விரைவில் வெளியேறும், ஆதலால் தீங்கு குறைவு என்று அதற்குச் சான்றிதழ் கூறினார்கள். விரைவில் வெளியேறுவது உண்மையே. 2009இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒப்பந்தக் கட்டளை ஒன்றின் கீழ் அனுமதி வழங்கியது. கழிவில் 99 வீதத்தைப் பிடித்து அடக்க வேண்டும் என்பதும், மேலும் சில சோதனைகளைச் செய்ய வேண்டும் என்பதும் நிபந்தனைகள். அனுமதி முதலில், சோதனை பின்னர். தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியை அழைக்கும் நீதவானை நாம் எந்த நீதிமன்றத்திலும் கண்டதில்லை.

அந்தக் கட்டளையில் ஓர் ஓட்டையும் இருந்தது. வட கரோலினா மாநிலத்தின் ஃபயெட்வில் நகருக்கு அண்மையில் உள்ள அத்தொழிற்சாலையில், வேறொரு பொருளைச் செய்யும்போது அதே இரசாயனம் உபபொருளாகப் பிறந்து 1980ஆம் ஆண்டளவிலிருந்தே கேப் ஃபியர் ஆற்றில் கலந்து வந்தது. கட்டளை கட்டுப்படுத்தியதோ விற்பனைக்கென்று செய்யப்பட்ட பொருளை மட்டுமே. ஆற்றில் போகும் மூலக்கூறுக்குத் தான் பிரதான பொருளா உபபொருளா என்பது தெரியுமா? ஆற்றின் கீழ்ப்புறத்தில் உள்ள வில்மிங்டன் நகரத்தார் தாம் குடித்தது இன்னதென்று அறிந்தது 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அதனையும் அவர்களுக்கு முதலில் உரைத்தது உள்ளூர்ப் பத்திரிகை.

அந்தப் பொருளின் நச்சுத்தன்மையை முழுமையாக மதிப்பிட்ட அறிக்கை 2021 ஒக்டோபரில் வெளிவந்தது. அனுமதி கொடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின். இத்தகைய மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று; அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சுண்டெலிக்கு எவ்வளவு கொடுத்தால் ஈரல் பழுதடைகின்றது, எவ்வளவுக்குக் கீழே பழுதில்லை என்று முதலில் காண்கிறார்கள். அதனை மனித உடலுக்குரிய அளவாக மாற்றுகிறார்கள். பின்னர் தம் அறியாமைக்காக அதனை வகுக்கிறார்கள். மனிதருக்குள் நலிந்தவரும் குழந்தையும் உள்ளனர் என்பதற்காக 10ஆல். எலி வேறு மனிதன் வேறு என்பதற்காக 3ஆல். குறுகிய காலச் சோதனையை வாழ்நாள் முழுவதற்கும் நீட்டுவதால் 10ஆல். செய்யப்பட வேண்டிய வேறு ஆய்வுகள் இல்லை என்பதால் மீண்டும் 10ஆல். ஆக 3,000ஆல் வகுத்தார்கள். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 நனோகிராம் என்ற அளவு வந்தது. ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கே நனோகிராம். பழைய இரசாயனத்துக்கு 2016இல் அதே நிறுவனம் விதித்திருந்த அளவு 20 நனோகிராம். தீங்கு குறைந்தது என்று கூறி வந்த புதியவருக்கு, வெளியேற்றப்பட்ட பழையவரிலும் இறுக்கமான விலங்கு! (பழையதன் அளவும் பின்னர் மிகவும் குறைக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.)

அந்த நான்கு வகுத்தல்களையும் மீண்டும் பாருங்கள். முன்னைய இரண்டும் இயற்கையால் வந்தவை. பின்னைய இரண்டும் சோதனை போதாமையால் வந்தவை. அச்சோதனைகளைச் செய்யும் ஆற்றலும் பணமும் யாரிடம் இருந்தன? பொருளைச் செய்தவரிடமே. எமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருகின்றது. அதன் 106ஆம் பிரிவு, ஒருவரின் விசேட அறிவுக்குள் இருக்கும் நிகழ்வை எண்பிக்கும் சுமை அவர் மீதே என்கின்றது. 114ஆம் பிரிவோ, கொண்டுவரக்கூடிய சான்றைக் கொண்டுவராது ஒளிப்பவருக்கு அச்சான்று பாதகமானதே என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கின்றது. களவு மாடு ஒருவன் பட்டியில் நின்றால், அது எப்படி வந்தது என்று அவனைத்தான் கேட்கின்றோம். பீப்பாவுக்குள் இருப்பது என்னவென்று மட்டும் ஏன் ஊராரைக் கேட்க வேண்டும்?

இப்படி ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டால் கைத்தொழில் வளருமா, எங்கள் இளைஞருக்கு வேலை கிடைக்குமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வியே. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூன் முதலாந் திகதியிலிருந்து, ஆண்டுக்கு ஒரு தொன் அல்லது அதற்கு மேல் செய்யப்படும் அல்லது இறக்கப்படும் இரசாயனத்துக்குரிய தரவுகளைக் கம்பனியே கொண்டுவந்து பதிய வேண்டும் என்று விதித்திருக்கின்றது. தரவு இல்லையேல் சந்தை இல்லை. ஐரோப்பாவில் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் அதனால் அணைந்துவிடவில்லை. மறுபுறம், அமெரிக்காவில் 2024இல் குடிநீருக்கு ஜென்எக்ஸ் லீற்றருக்கு 10 நனோகிராம் என விதித்த எல்லையையே மீளப் பெறப் போவதாக 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். ஆட்சி மாறினால் எலியின் ஈரலும் மாறுமோ என்று கேட்கத் தோன்றுகின்றது.

இனி எமது மண்ணுக்கு வருவோம். பழைய நஞ்சின் இடத்தில் புதிய நஞ்சு வந்து அமரும் அனுபவம் எமக்குப் புதிதன்று. கொடிய பூச்சிகொல்லிகளை இந்நாடு 1995இல் தடுத்தபோது அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்தது. அதனால் இறப்போர் தொகை பெருகவே 1998இல் அதனையும் தடுத்தார்கள். தடுக்க முடிந்தது ஏன்? 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்கப் பூச்சிகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தமையால். பதிவின்றிப் பூச்சிகொல்லி உள்ளே வரலாகாது. பதிவு கேட்பவரே விவரம் தர வேண்டும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தெளிக்கும் மருந்திடம் சட்டம் கேட்கும் கேள்வி அது. அந்தச் சட்டமோ பூச்சிகொல்லியோடு நின்றுவிடுகின்றது. தொழிற்சாலைக்கென்று வந்திறங்கும் பீப்பா அதன் எல்லைக்குள் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் வற்றாது ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீர், எங்கள் தோட்டத்து இறைப்பு, எல்லாம். மேலே கொட்டியது கீழே இறங்க அந்தக் கல் தடை செய்யாது. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா செலுத்துமாறு மின்னுற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. அத்தீர்ப்பை மனமார வரவேற்கின்றோம். எனினும் எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கு மணக்கும். வாளியை இழுத்ததும் வீட்டுக்காரி கண்டுகொள்ளலாம். லீற்றருக்கு 10 நனோகிராம் எந்த நாக்குக்குத் தெரியும்?

ஆகவே எமது கோரிக்கை இது: 1980ஆம் ஆண்டுச் சட்டம் பூச்சிகொல்லியிடம் கேட்கும் சான்றைத் தொழிற்சாலை இரசாயனத்திடமும், அது துறைமுகத்தில் இறங்குமுன், கேட்கும் சட்டம் வேண்டும். உபபொருளும் கழிவும் அதற்குள் அடங்க வேண்டும். கொண்டுவருபவரே சோதனை முடிவுகளைத் தர வேண்டும். அவை வர்த்தக இரகசியம் என்று பூட்டப்படலாகாது. அறிக்கைகள் தமிழ்ப் பிரதேசங்களில் தமிழில் வெளியிடப்பட வேண்டும். சூழல் தாக்க மதிப்பீட்டைப் பார்த்து ஆட்சேபிக்கப் பொதுமக்களுக்கு 30 நாள் தவணை உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய தடித்த கோவையைக் கமக்காரன் கையில் கொடுத்து முப்பது நாளில் பதில் சொல் என்பது தவணையா, தண்டனையா?

சட்டம் வரும் வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கின்றது. தம் ஊர்த் தொழிற்சாலைக்கு எந்த இரசாயனம் எவ்வளவு வருகின்றது, அதன் கழிவு எங்கே போகின்றது, அயற் கிணறுகளின் நீர் கடைசியாக எப்போது, எதற்காகச் சோதிக்கப்பட்டது என்று ஒவ்வொரு கமக்கார அமைப்பும் உரிய அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் எடுத்தாக வேண்டும். மனு வரையத் தெரியாத சங்கங்களுக்கு வரைந்து கொடுப்பதற்கு, ஒவ்வொரு நீதிமன்ற நகரிலும் சட்டத்தரணிகள் இருவர் மூவரேனும் முன்வர வேண்டுமென எமது தொழிற் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். கட்டணம் வேண்டாம். வரும் பதில்களையும், பதில் வராத அலுவலகங்களின் பெயர்களையும் எமக்கு அனுப்பி வைத்தால், இதே பக்கத்தில் வெளியிடுவோம்.