நாடியும் நாட்கூலியும்

உழைப்பை அளத்தல் விஞ்ஞானப் பிரச்சினை மட்டுமன்று. அளப்பவர் யார், யாருக்காக அளக்கிறார் என்ற வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. நாடித் துடிப்பைக் கொண்டு உடலுழைப்பை மதிப்பிடும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

இம்முறையின் அடிப்படை எளியது. தசைகள் தொழிற்பட ஒட்சிசன் வேண்டும். அதனைக் கொண்டுசெல்வது குருதி. ஒரு லீற்றர் ஒட்சிசன் ஏறத்தாழ 5 கிலோகலோரிச் சக்திக்கு ஈடாகும். மிதமான உழைப்பில் ஒட்சிசன் நுகர்வும் இதயத் துடிப்பும் சேர்ந்தே உயர்வதால், துடிப்பை எண்ணிச் சக்திச் செலவைக் கணித்துவிடலாம் என்பர்.

இக்கணிப்பை எல்லார்க்கும் பொதுவான அட்டவணையாக்குவதே தவறு. வெப்பத்தில் குருதி தோலை நோக்கியும் பாய்வதால் துடிப்பு உயரும். பாரத்தை அசையாது தாங்கி நிற்கும்போதும், அச்சத்திலும் உயரும். இவற்றினும் முக்கியமானது குருதிச்சோகை. ஒரு கிறாம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனையே சுமக்கவல்லது. ஈமோகுளோபின் குறைந்தவரின் இதயம் அதே வேலைக்கு விரைந்து துடித்து ஈடுசெய்கிறது. அட்டவணையோ அவர் கூடுதலான சக்தியைச் செலவிட்டார் எனப் பொய் கூறும்.

‘அவ்வாறாயின் நாடியை விடுத்து நிறையையே அளப்போம்’ என வாதிடுவோர் உளர். மலையகத் தோட்டங்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கு இதுவே. குறித்த கிலோ கொழுந்து சேராவிடின் ‘அரைப் பேர்’. தராசுக்குக் கொழுந்தின் நிறை தெரியும். பறித்தவளின் குருதி தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்கள் பற்றி 1979 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, இரும்புச் சத்து அளிக்கப்பட்டபின் அவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தமையையும், கடுஞ்சோகையுற்றோரிடத்து அம்முன்னேற்றம் மிகுந்திருந்தமையையும் காட்டியது. நோயைச் சோம்பலென்று கூறிக் கூலியை வெட்டுவது எவ்வகை நீதி?

நாடி பொய்யுரைப்பதில்லை, அதனிடம் கேட்கப்படும் வினாவே பிழையானது. நடந்த வேலைக்கு இவ்வுடல் கொடுத்த விலை யாது என்பதே அதனிடம் கேட்கத்தக்க வினா. ஹாவாட் களைப்பாய்வுகூடத்தில் பணியாற்றிய லூசியன் புறூகா காட்டிய வழி இதற்கு உதவும். வேலையை நிறுத்தி அமர்ந்தபின் முதலாம், மூன்றாம் நிமிடங்களில் நாடி எண்ணப்படும். முதலெண் 110 ஐ மேவலாகாது. மூன்றாம் நிமிடத்தில் அது 10 ஆவது குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் சுமை மிகையெனக் கொள்க. விரலும் கைக்கடிகாரமுமே இதற்குப் போதும்.

எனினும், அவ்வெண் செக்றோலில் ஏறுமாயின் அது சுரண்டலின் புதிய கருவியாகிவிடும். விரைந்து துடிக்கும் இதயமுடையவள் ‘தகுதியற்றவள்’ என விலக்கப்படுவாள். ஓய்வையும் மருத்துவத்தையும் சத்துணவையும் கோரும் தொழிலாளர் கையிலேயே அது இருத்தல் வேண்டும். எண்ணக் கற்றவர் எவருக்காக எண்ணுகிறார் என்பதைத் தெளிவாக்காதவரை, அவருடைய விஞ்ஞானம் தராசின் பக்கமே சாய்ந்து நிற்கும்.