வை-ஃபையை வையாதீங்க!

சுத்திக்கிட்டே இருக்குமே... பம்பரம் இல்லை பாஸ், லேப்டாப் திரையில் வரும் அந்த வட்டம்!

சேலையூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம்ம நண்பன் ஒருத்தன், கேம்பஸ் இன்டர்வியூவுக்காக ஆன்லைன் டெஸ்ட் எழுத உட்கார்ந்தான். பதினேழாவது கேள்வியில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டெஸ்ட் நேரம் முடிந்த பிறகுதான் நின்றது. அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவே இல்லை. பயல் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு வாய் வலிக்கத் திட்டினான். அப்புறம் அப்பாவிடம் கெஞ்சி 100 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு மாறினான். (டாக்டர் படிப்பு இல்லீங்க, நெட் ஸ்பீடு!) காசு போச்சு; வட்டம் போகலை.

வியாதி எங்கேன்னு பார்க்காம மாத்திரை வாங்கினா அப்படித்தான். நெட், ரவுட்டர் வரைக்கும் கேபிளில் வருது. அங்கிருந்து லேப்டாப்புக்குக் காற்றில் வருது. கோளாறு எந்தப் பக்கம்?

லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்க. அப்பவும் ஸ்லோவா? தாராளமா கம்பெனிக்கு போன் போடுங்க. கேபிளில் பறக்குதா? பிரச்னை காற்றில்!

வை-ஃபை பிராப்பர்ட்டீஸில் 'நெட்வொர்க் பேண்ட்' என்னன்னு பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸா? அது காலை எட்டு மணி பீச் டிரெயின் மாதிரி. பக்கத்து வீடு, எதிர் மேன்ஷன், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பெட்டியில்தான்! 2005-ல் நம்ம நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம்னு திறந்துவிட்ட அந்த அலைவரிசையின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். 5 கிகாஹெர்ட்ஸில் 2018-ல் திறந்தது 605 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டரும் லேப்டாப்பும் ஒத்துழைத்தால் அதுக்கு மாறிடுங்க. ஒரே குறை, சுவரைத் தாண்டினா மூச்சு வாங்கும்.

2.4-ஐ விட முடியாதவங்க, ரவுட்டரில் சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததைப் பிடிங்க. இந்த மூன்றும் ஒன்றோடொன்று உரசாது. 3-ஐ வைத்தால், கேம்ப் ரோடு சிக்னலில் குறுக்கே நுழைந்த பைக் மாதிரி இரண்டு பக்கமும் இடிக்கும். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காம, உயரமா, வெட்டவெளியா வைங்க.

சரி, நம்ம பயல் கதை? அதே இடத்தில் அவன் மொபைலில் நெட் பறந்தது; லேப்டாப்பில் மட்டும் நொண்டியது. அதுதான் துப்பு! பார்த்தா, படம் பார்க்கச் செருகிய யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் அப்படியே தொங்குது. யு.எஸ்.பி. 3.0 வேலை செய்யும்போது கிளம்பும் இரைச்சல், சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டிருக்கு. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினோம்... வட்டம் காலி! செலவு? பூஜ்யம்.

ஆனா, போன டெஸ்ட் போனதுதான். அதனால பாஸ், டெஸ்ட்டுக்கு முதல் நாளே இதையெல்லாம் பார்த்துடுங்க. அப்டேட், டவுன்லோடு எல்லாத்தையும் நிறுத்துங்க. முடிஞ்சா லேன் கேபிளிலேயே எழுதுங்க. கையில் மொபைல் ஹாட்ஸ்பாட் ரெடியா இருக்கட்டும்.

கஸ்டமர் கேரில் பேசுறவங்களும் நேத்து வரைக்கும் நம்மள மாதிரி காலேஜ் பசங்கதான். திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிப் பாருங்க!