ஸ்டிக்கரைப் பார்த்துக் கொம்பியூட்டர் வாங்காதேங்கோ

சஞ்சிகை வடிவமைக்கோணும், கொஞ்சம் வீடியோவும் வெட்டோணும். ஆளாளுக்குக் காசு போட்டு எங்கட குழுவுக்கு ஒரு பாவிச்ச டெஸ்க்டொப் வாங்கினம். 'ஐ7' ஸ்டிக்கர், லைட் மின்னுற கேசிங். மயங்கிப்போனம்.

கொண்டுவந்து பார்த்தால், அது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரொசசர். விண்டோஸ் 11க்கான பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவையோ மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட நிறுத்திவிட்டது. கடைக்குத் திரும்பப் போனால், "வித்தது வித்ததுதான்" எண்டார்கள்.

பட்ட பிறகு சொல்லுறம். ஐ5ஆ, ஐ7ஆ எண்டு கேட்க முதல், எத்தினையாம் தலைமுறை எண்டு கேளுங்கோ. டெஸ்க்டொப்பில் எட்டாம் தலைமுறை ஐ5க்கு ஆறு கோர். எங்கட ஐ7க்கு நாலுதான். அலுவலகங்கள் கழிச்சுவிட்ட டெல், எச்.பி. மெஷின்களே எங்களைப் போன்ற ஆக்களுக்குப் போதும். லைட்டுக்குக் குடுக்கிற காசை எஸ்.எஸ்.டி.யிலும் 16 ஜிபி ராமிலும் போடுங்கோ. சின்ன யூ.பி.எஸ். ஒண்டும் வேணும், கரண்ட் போனால் வேலையைச் சேவ் பண்ணி நிறுத்த அந்தச் சில நிமிசம் காணும்.

எங்கட ஐ7ஐ எறியேல்லை. லினக்ஸ் போட்டு, கட்டுரைகள் தட்டச்சு செய்ய வச்சிருக்கிறம். வீடியோ வெட்டத்தான் திரும்பவும் காசு சேர்க்கிறம்.