ஆட்டக்களமும் அரசிறையும்

1991ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சிக்காகோ நகரக் கூடைப்பந்துக் குழுவினர் கலிபோர்ணிய மாநிலத்தில் வாகை சூடினர். அம்மாநிலமோ வென்றவரிடம் வருமான வரி அறவிட்டது. சிக்காகோவுக்குரிய இல்லினோய் மாநிலமும் வாளாவிருக்கவில்லை. தன் வீரரிடம் வரி கொள்ளும் மாநிலங்களின் வீரர்க்கு மட்டும் எதிர்வரி விதித்தது.

கணக்கு எளிது. ஆண்டின் பணிநாள் 200. அவற்றுள் ஒரு மாநிலத்திற் கழிந்தவை 4 எனின், சம்பளத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கு அங்கே வரியுண்டு.

உழைத்த மண்ணுக்கு இறையிறுத்தல் முறையே. ஆயின், அவ்வாறே வந்து பொருளீட்டும் வழக்கறிஞரும் வணிகரும் பெரும்பாலும் தப்புகின்றனர். ஆட்டநாளும் ஆட்டக்காரன் சம்பளமும் ஊரறிந்தவை. ஆதலின் அவன் அகப்படுகின்றான். அவனோடு, பந்தும் உடையும் காக்கும் எளிய பணியாளனும் அகப்பட்டு, மாநிலந்தோறும் தனித்தனிக் கணக்குக் காட்டுகின்றான். கண்ணிற்பட்டவனைப் பற்றுதல் எளிது. கடப்பாடுடையார் அனைவரையும் ஒப்ப நோக்குதலன்றோ செங்கோன்மை?